மலையடில வீடு இருக்கறவங்க எத்தன மி.மீ. மழைல கிளம்பணும்? வேலூர் பக்கம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மலையடி_வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தி வீடு வேலூர் டவுன்லயே மலைச்சரிவுல இருக்கு, படி ஏறித்தான் போகணும், வீட்டுக்கு பின்னாடி சுவர் மாதிரி மண்ணு, அதுக்கு மேல ஆளுயரத்துக்கு உருண்டை உருண்டையா கல்லு. சின்ன வயசுல அங்கதான் வெளையாடுவோம், அப்போ பயமே இல்ல. 2021 நவம்பர்ல காகிதப்பட்டறைல பாறை உருண்டு வீட்டு மேல விழுந்து அம்மாவும் பொண்ணும் செத்துப்போனாங்க இல்ல, அதுலேர்ந்து மழைக்காலம் வந்தாலே தூக்கம் வரல. அப்பறம் 2024 டிசம்பர் 1 திருவண்ணாமலை வ.உ.சி. நகர், மண்ணு சரிஞ்சு ஒரே வீட்டுல ஏழு பேர் செத்தாங்க, அதுல அஞ்சு கொழந்தைங்க. நம்ம பழைய வடஆற்காடு மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு தடவை நடந்துடுச்சு, இது ஊட்டி வயநாடு சமாச்சாரம்னு இனிமே சொல்ல முடியாது.

சித்திய எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னு ஒவ்வொரு தடவை ரெட் அலர்ட் வரும்போதும் கூப்பிடறேன், அவங்க "எத்தன தடவடா ஓடறது, ஆடு கீது, தையல் மிஷின் கீது, சும்மா தூறலுக்கெல்லாம் பூட்டிகினு வர முடியுமா"ன்றாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான். எனக்கு வேண்டியது ஒரு நம்பர். இவ்ளோ மி.மீ. மழை பேஞ்சா மலை சரியும்னு எங்கயாவது கணக்கு இருக்கா? இருந்தா அத சித்தி வீட்டு சுவத்துலயே எழுதி ஒட்டிடுவேன். மழை அளக்கறது எப்படின்னும் சொல்லுங்க.

கல்_மண்_நீர் பதில்:

தம்பி, நான் புவியியல் படிச்சவன், மலை ரோடு வேலைலதான் இருக்கேன். நீங்க கேக்கற நம்பர் இருக்கு, ஆனா அத அப்படியே எடுத்து சுவத்துல ஒட்டக்கூடாது, ஏன்னு கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுமையா படிங்க.

1980ல நெல் கெய்ன்னு ஒருத்தர் உலகம் பூரா சரிவு நடந்த எடங்கள்ல அன்னைக்கு எவ்ளோ நேரம் மழை, எவ்ளோ வேகம்னு சேத்து வெச்சு ஒரு கோடு போட்டார். அந்த கோட்டுக்கு மேல போற மழைல மேல்மண் சரிவும், கல்லும் மண்ணும் குழம்பா ஓடி வர்றதும் நடக்கலாம், கீழ இருந்தா நடந்ததா தெரியல, அவ்ளோதான் அர்த்தம். கணக்கு என்னன்னா 14.82ஐ, மழை பெஞ்ச மணி நேரத்தோட 0.39 அடுக்கால வகுக்கணும், வர்றது மணிக்கு இத்தன மி.மீ. ஒரு மணி நேர மழைக்கு 15 மி.மீ. கிட்ட, ஆறு மணி நேரத்துக்கு மொத்தம் 44, ஒரு நாள் முழுக்க விடாம பேஞ்சா மொத்தம் 103, மூணு நாளுக்கு மொத்தம் 200 வருது. படிக்கும்போது ஆஹா நம்பர் கெடச்சுடுச்சுன்னு இருக்கும்.

இப்போ 2008ல குஸெட்டின்னு இத்தாலிக்காரரும் அவர் கூட வேல பாத்தவங்களும் இன்னும் நெறைய சரிவுகள சேத்து, ரெண்டாயிரத்துக்கு மேல, திரும்ப கோடு போட்டாங்க. அதுல 2.20ஐ, மழை பெஞ்ச மணி நேரத்தோட 0.44 அடுக்கால வகுக்கணும். அதுல போட்டு பாத்தா 24 மணி நேரத்துக்கு வெறும் 13 மி.மீ. 13 மி.மீ. மழை வேலூர்ல சாதாரணமா பேயும், அதுக்கெல்லாம் சித்தி கிளம்பினா வருஷம் பூரா வீட்டுல இருக்கவே முடியாது. அதே விஷயத்துக்கு ஒரு கோடு 103ங்குது இன்னொன்னு 13ங்குது. ரெண்டுமே தப்பில்ல, ரெண்டாவது கோடு உலகத்துல எங்கயோ ஒரு மோசமான சரிவுல குறைஞ்ச மழைல நடந்ததையும் உள்ள இழுத்துக்கிட்டது. நம்ம மலை நம்ம மண்ணுக்குன்னு தனியா கோடு போடாத வரைக்கும் வெளியூர் நம்பர் வெளியூர் நம்பர்தான்.

அடுத்து, அந்த நாள் மழை மட்டும் பத்தாது. முன்னாடி நாலஞ்சு நாள் பேஞ்சிருந்தா மண்ணுக்குள்ள ஏற்கனவே தண்ணி நிக்கும். காஞ்ச மண்ணுல 100 மி.மீ. பேஞ்சா முதல் பாதி உள்ள போயிடும், ஊறின மண்ணுல 50 பேஞ்சாலே மண் துகளுக்கு நடுவுல இருக்கற சந்துல தண்ணி அழுத்தம் ஏறி மண்ணுக்கும் பாறைக்கும் நடுவுல இருக்கற பிடிமானம் விட்டுடும். ஒரு மி.மீ. மழைன்னா சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் சரிவுல 100 மி.மீ. பேஞ்சா நாலு லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் தண்ணி லாரில 33 லாரி. அத்தனையும் சித்தி வீட்டுக்கு மேல வந்து எறங்குதுன்னு நெனச்சு பாருங்க.

இன்னொரு முக்கியமான விஷயம் வேலூருக்குன்னே இருக்கு. வயநாடு, நீலகிரில தடிமனான மண்ணு சரியுது. நம்ம ஊரு மலைல மண்ணு கம்மி, பாறை நல்லா வெடிச்சு வெடிச்சு உருண்டை கல்லா மாறி, சுத்தி இருக்கற சரளைல குந்திக்கிட்டு இருக்கு. அந்த சரளைய மழைத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கழுவி எடுத்துட்டா கல்லு கிளம்பிடும். மேல்மண் சரிவுக்கு போட்ட கோடு இந்த கல்லு உருள்றதுக்கு ஒழுங்கா பொருந்தாது. ஏன்னா கல்லு மழை நின்ன பிறகும் உருளும், ரெண்டு நாள் வெயில் அடிச்ச அப்பறமும் உருளலாம். அதனால எப்போ கிளம்பணும்னு கேக்கறத விட எப்போ திரும்பி வரலாம்னு கேக்கறது ரொம்ப முக்கியம், அத யாருமே கேக்கறதில்ல.

ஜவ்வாது_காரன் பதில்:

கல் மண் அண்ணா சொல்றது கரெக்ட். நான் மேல ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊரு. எங்க ஊர்ல எல்லாம் மழை எவ்ளோன்னு பேப்பர்ல ஆலங்காயம் கணக்குதான் வருது, அது அடிவாரம். அங்க 20 மி.மீ.ன்னு போட்டிருப்பாங்க, அதே ராத்திரி இங்க மேல கானாறு (காட்டு ஓடை) ரோட்ட அறுத்துகினு போயிருக்கும். மழை மேகம் மலைல முட்டி இங்கதான் ஊத்துது, அடிவாரத்துல இருக்கற மழைமானிக்கு எப்படி தெரியும். அண்ணா நீங்க போடற கோடு எந்த மழைமானிய வெச்சு போடறதுன்னு சொல்லுங்க. டவுன் மழைமானில 60 காட்டறப்போ மலை மேல 120 பேஞ்சிருந்தா, டவுன் கணக்க நம்பி உக்காந்திருக்கறவன் காலி.

இன்னொன்னு, 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை ஏறி அங்கயே நின்னுடுச்சு இல்ல, அப்போ எல்லாரும் கடலோரத்தையே பாத்துகினு இருந்தாங்க. அப்பறம் பாத்தா ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ., எங்க திருப்பத்தூருக்கு அடுத்த தாலுகா அது. கடல்லேர்ந்து அவ்ளோ தூரம் உள்ள வந்து 50 செ.மீ. கொட்டும்னு எங்க பெரியவங்க யாருமே பாத்ததில்லன்னு சொல்றாங்க. அதே மழை எங்க மலை மேல நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்.

மலையடி_வீடு எழுதியது:

அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. படிச்சதும் கொஞ்சம் குழப்பமாவும் இருக்கு. நம்பர் இல்லன்னு விட்டுட முடியாது, சித்திக்கு "மண்ணோட ஈரம் பொறுத்து"ன்னு சொன்னா அவங்க சிரிப்பாங்க. அப்போ கவர்மெண்ட்ல யாரு இத பாக்கறாங்க, நமக்கு தனியா எச்சரிக்கை வருமா?

கல்_மண்_நீர் பதில்:

வேல நடக்குது தம்பி. இந்திய புவியியல் ஆய்வுத்துறை 2024 ஜூலைல கொல்கத்தால தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொறந்தாங்க, பூசங்கேத்னு ஒரு வெப்சைட்டும் பூஸ்கலன்னு ஒரு ஆப்பும் இருக்கு. ஆனா தினசரி முன்னறிவிப்பு முதல்ல தொடங்கினது டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மூணுக்கும்தான். காரணம் நியாயமானது, அங்க சரிவு நடந்த தேதி, எடம், அன்னைக்கு மழை எல்லாம் பதிவா கைல இருக்கு. எல்லைக்கோடு போடணும்னா சரிவு நடந்த நாள் மழையும் வேணும், அதே அளவு பேஞ்சும் ஒண்ணுமே நடக்காத நாள் மழையும் வேணும். நம்ம வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலைல பாறை விழுந்தா பேப்பர்ல ஒரு நாள் செய்தி, அப்பறம் யாரும் எழுதி வெக்கறதில்ல. ஆள் சாகாத சரிவு கணக்குலயே வராது, ரோட்டுல விழுந்தத பொக்லைன் வெச்சு தள்ளிவிட்டுட்டு போயிடறோம். எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், நானே அந்த ரோட்டுல நிக்கறவன். விழுந்த நேரத்தையும் எடத்தையும் ஒரு நோட்டுல எழுதினா போதும், பத்து வருஷத்துல நமக்குன்னு ஒரு கோடு வந்துடும்.

வானிலை மையத்தோட ரெட் அலர்ட்டு மழைக்கான அலர்ட்டு, சரிவுக்கு இல்ல. 24 மணி நேரத்துல 64.5 மி.மீ. தாண்டினா கனமழை, 115.6லேர்ந்து மிக கனமழை, 204.4 தாண்டினா அதிகனமழை. ரெட்டுன்னா அதிகனமழை வரலாம்னு அர்த்தம். மலையடில இருக்கறவங்களுக்கு ரெட் வரைக்கும் காத்திருக்கறது லேட்.

உங்களுக்கு நம்பர் வேணும்னா என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன், இது என் சொந்த கணிப்பு, ஆய்வுல வந்த கோடு இல்ல. முன்னாடி மூணு நாள் மொத்தம் 100 தாண்டிடுச்சு, இன்னைக்கும் 50 தாண்டுது, மழை விடல, அப்போ கிளம்பிடுங்க. முன்னாடி காஞ்சிருந்தாலும் ஒரே நாள்ல 100 தொட்டா கிளம்பிடுங்க. இது வருஷத்துக்கு ஒரு சில நாள்தான் வரும், சித்தியும் ஒத்துக்குவாங்க. நாளைக்கு உங்க மலைலயே பதிவு சேந்ததும் இத மாத்திக்கலாம்.

சத்துவாச்சாரி_வாத்தியார் பதில்:

ஐயா நான் இதுல கொஞ்சம் மாறுபடறேன். நீங்க சொல்ற 100 அதிகம். அந்த கல்லு ஏற்கனவே தொங்கிக்கிட்டு இருந்தா 40 மி.மீ.க்கும் வரும். உயிர் விஷயத்துல கம்மியா வெச்சுக்கறதுதான் சரி, பத்து தடவை சும்மா போயிட்டு வந்தா என்ன குறைஞ்சு போச்சு?

கல்_மண்_நீர் பதில்:

சார் நீங்க சொல்றது மனசுக்கு சரி, ஆனா நடைமுறைல பதினோராவது தடவை யாரும் வரமாட்டாங்க. அதான் இந்த எல்லைக்கோடு போடறவங்க எல்லாருக்கும் இருக்கற தலைவலி. கோட்ட கீழ இறக்கினா வீண் எச்சரிக்கை ஜாஸ்தி, மேல ஏத்தினா ஒண்ண தவற விட்டுடுவோம், அந்த ஒண்ணுல ஏழு உயிர் இருக்கும். அதுக்குத்தான் பல எடத்துல ரெண்டு படியா வெக்கறாங்க. முதல் படில யாரும் எங்கயும் போக வேண்டாம், பையில ரேஷன் கார்டு, மருந்து, சார்ஜர் எடுத்து வெச்சுட்டு, ராத்திரி மலைப்பக்க ரூம்ல படுக்காம முன்ரூம்ல படுங்க. ரெண்டாவது படில வீட்ட விட்டு போங்க. முதல் படிக்கு நீங்க சொல்ற 40 நல்ல நம்பர், அத ஏத்துக்கறேன். ஆனா மேல ஒரு கல்லு கண்ணுக்கே தொங்கறது தெரிஞ்சா அதுக்கு மழைக்கணக்கு எதுக்கு, தாசில்தாருக்கும் கார்ப்பரேஷனுக்கும் போட்டோவோட மனு குடுத்து எறக்க சொல்லுங்க, இல்லன்னா மழைக்காலம் முழுக்க அந்த வீட்ட காலி பண்ணுங்க.

கல்பெட்டா_ரிட்டர்ன் பதில்:

நான் குடியாத்தம், வேலைக்காக வயநாடு கல்பெட்டால கொஞ்ச வருஷம் இருந்தேன். மழைமானி பத்தி கேட்டீங்க இல்ல, அங்க ஹியூம் சென்டர்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க வயநாடு பூரா இருநூறுக்கும் மேல மழைமானி வெச்சிருக்காங்க, அத தெனமும் பாத்து எழுதறது பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரங்களும் விவசாயிங்களும்தான். 2024 ஜூலை 30 முண்டக்கை சூரல்மலை சரிவுக்கு முந்தின நாளே அவங்க மழைய பாத்துட்டு ஜில்லா நிர்வாகத்துக்கு எச்சரிக்கை குடுத்தாங்க, செய்திலயும் வந்துச்சு. கள்ளாடி மழைமானில 24 மணி நேரத்துல 372 மி.மீ. பதிவாச்சு, அதுக்கு முன்னாடி நாளும் 200. சரிவு வந்தது ராத்திரி ஒரு மணிக்கு மேல. நம்பர் கைல இருந்துச்சு, எல்லா வீட்டு கதவையும் போய் தட்ட முடியல.

2020 ஆகஸ்ட்ல கேரளா மூணார் பக்கம் பெட்டிமுடில நடந்த சரிவும் அப்படித்தான், ராத்திரி நேரம், கரண்ட்டு போன் எதுவும் இல்ல, வெளி உலகத்துக்கு விஷயம் தெரியவே காலைல ஆயிடுச்சு, 70 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் நம்ம தமிழ்நாட்ட பூர்வீகமா கொண்ட தோட்ட தொழிலாளி குடும்பங்க. அதனால என் கருத்து, நம்பர எட்டற வரைக்கும் காத்திருக்காதீங்க, சாயங்காலம் நாலு மணிக்கு கணக்கு பாருங்க. ராத்திரி அந்த நம்பர தொட்டுடும் போல இருந்தா வெளிச்சம் இருக்கும்போதே எறங்கிடுங்க. வேலூர் மலைப்படில ராத்திரி மழைல வயசானவங்கள எறக்கறது எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கே தெரியும்.

மழைமானி வாங்க வேண்டாம். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில், பக்கம் நேரா இருக்கறதா பாத்து எடுங்க, நடுவுல வரி வரியா பள்ளம் இருக்கற பாட்டில் ஆகாது. மேல் கழுத்த வெட்டி தலைகீழா கவுத்தா அதுவே புனல். அடில மேடு பள்ளமா இருக்கும், அதுக்கு கூழாங்கல்லு போட்டு நேரான பக்கம் தொடங்கற எடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க மார்க்கர்ல சுழின்னு (0) கோடு போடுங்க. அதுலேர்ந்து மேல ஸ்கேல் ஒட்டினா ஒரு மில்லி மீட்டர் உயரம் ஒரு மி.மீ. மழை. மொட்டை மாடில நடுவுல வைங்க, மரத்துக்கும் தண்ணி டேங்குக்கும் கீழ வேண்டாம், காத்துல சாயாம நாலு செங்கல் வெச்சு முட்டு குடுங்க. தெனமும் காலைல எட்டரைக்கு பாத்து எழுதிட்டு திரும்ப சுழி வரைக்கும் தண்ணி வெச்சுடுங்க, வானிலை மையமும் எட்டரைக்குத்தான் கணக்கு எடுக்கறாங்க, ஒப்பிட்டு பாக்கலாம். மழை விடாம பேயற நாள்ல மூணு மணி நேரத்துக்கு ஒருக்க பாருங்க.

ஜவ்வாது_காரன் பதில்:

சூப்பர் அண்ணா. எங்க ஊரு ஸ்கூல்ல பசங்கள வெச்சு இத பண்ணலாம், பசங்க ஒரு நாள் விடாம எழுதுவாங்க. மேல இருக்கறவன் அளந்து கீழ இருக்கறவனுக்கு போன் பண்ணாத்தான் இது உருப்படும். ஏலகிரி மேல ஒருத்தர், பாலமதி மேல ஒருத்தர், பீஞ்சமந்தைல ஒருத்தர் கெடச்சாக்கூட போதும், வாட்ஸ்ஆப்ல ஒரு குரூப்பு போட்டுடலாம்.

ஆனா எங்க பக்கம் ஜனங்க ஏன் கிளம்ப மாட்டாங்கன்னும் சொல்லணும். ஆட்ட விட்டுட்டு வரமாட்டாங்க. கேம்ப்னு ஸ்கூல்ல தங்க வெச்சா பொம்பளைங்களுக்கு பாத்ரூம் சரியா இருக்காது. வீட்ட பூட்டிட்டு வந்தா திருட்டு பயம். அந்த மூணுக்கும் முன்னாடியே வழி பண்ணாம மைக்குல கத்தினா யாரு வருவாங்க. ஆட்டுக்கு ஒரு கொட்டகை ஏற்பாடு பண்ணி குடுங்க, அப்பறம் பாருங்க, ஆட்டோட சேந்து ஆளும் எறங்குவான்.

சத்துவாச்சாரி_வாத்தியார் பதில்:

இது நல்ல பேச்சு. நான் இன்னும் ரெண்டு சேக்கறேன். மழைக்கணக்கு என்ன சொன்னாலும் சரி, சில அறிகுறி வந்தா உடனே வெளிய வரணும். பின்பக்க சுவத்துல புது வெடிப்பு, கதவு திடீர்னு சட்டத்துல பிடிக்கறது, கரண்ட்டு கம்பமோ மரமோ சாயறது, இதுவரைக்கும் இல்லாத எடத்துல ஊத்து கிளம்பி கலங்கலா வர்றது. ஓடிக்கிட்டு இருந்த கானாறு மழை விடாதப்பவே தண்ணி குறைஞ்சா இன்னும் ஆபத்து, மேல எங்கயோ மண்ணு அடைச்சிருக்குன்னு அர்த்தம், ஒடஞ்சா மொத்தமா வரும். ஓடும்போது கானாறு போற வழியிலயே கீழ ஓடக்கூடாது, பக்கவாட்டுல மேடான எடத்துக்கு போகணும். 1077 மாவட்ட கண்ட்ரோல் ரூம், 1070 மாநிலத்துக்கு, ரெண்டையும் போன்ல போட்டு வெச்சுக்கோங்க.

சுவரு பத்தியும் ஒரு வார்த்தை. 2021 நவம்பர்ல பேரணாம்பட்டுல மழைல வீடு இடிஞ்சு ஒம்பது பேர் போனாங்க, அங்க மலை சரியல, ஊறின சுவருதான் விழுந்துச்சு. சித்தி வீட்டு பின்பக்க மண்ண தாங்கறதுக்கு கருங்கல்லுல சுவர் கட்டியிருந்தா அதுல தண்ணி வெளிய போக ஓட்டை இருக்கான்னு பாருங்க. பூசி அடைச்சிருந்தா உள்ள நிக்கற தண்ணி சுவரையே தள்ளிடும்.

மலையடி_வீடு எழுதியது:

ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். வாத்தியார் சார் சொன்ன ஓட்டை, பைப்பு வெச்சுதான் கட்டியிருக்காங்க, ஆனா முழுக்க மண்ணும் பிளாஸ்டிக் கவரும் அடைச்சிருந்துச்சு, கம்பி விட்டு குத்தி எடுத்தோம், ஒண்ணுலேர்ந்து மட்டும் ரொம்ப நேரம் தண்ணி வந்துச்சு, மழை பேஞ்சு நாலு நாள் ஆன பிறகும். பாட்டில் மழைமானி மாடில வெச்சாச்சு, எழுதற வேலைய பக்கத்து வீட்டு எட்டாவது படிக்கற பையன் எடுத்துகினான். சுவத்துல சித்தி கையெழுத்துலயே எழுதி ஒட்டியிருக்கு, "40 முன்ரூம், 3 நாள் 100 + இன்னைக்கு 50 கிளம்பு, ஒரே நாள்ல 100 கிளம்பு". ஆடு ரெண்டையும் கீழ் தெருவுல அவங்க தோழி வீட்டு பின்கட்டுல கட்டிக்கலாம்னு பேசி வெச்சிருக்காங்க, அத அவங்களேதான் போய் கேட்டாங்க.

கல் மண் அண்ணா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. திரும்பி வர்றதுக்கு எத்தன நாள் காயணும்?

கல்_மண்_நீர் பதில்:

அந்த பைப்புல தண்ணி வர்றது நிக்கற வரைக்கும் பின்ரூம்ல யாரும் படுக்க வேண்டாம். நாலு நாள் ஆகியும் வருதுன்னா உள்ள இன்னும் தண்ணி நிக்குதுன்னு அர்த்தம், உங்களுக்கு அதுதான் நல்ல மீட்டர். அது நின்னு, மேல கல்லு பக்கம் பகல்ல கீழ நின்னே ஒரு பார்வை பாத்து, புது மண்ணு தெரியலன்னா வரலாம். மேல ஏறி பாக்காதீங்க. அந்த பையன் நோட்ட மாசா மாசம் போட்டோ எடுத்து இங்க போடுங்க, பைப்புல தண்ணி வந்த தேதியையும் சேத்து எழுத சொல்லுங்க.